அண்ணானும் அக்கேசியாவும் ஒரு தும்மலும்

எங்கள் வீட்டுக்கும் என் மனைவியின் அண்ணன் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். மதிலை ஒட்டி, எங்கள் பக்கத்தில், ஓர் அக்கேசியா மரம். அதை நாங்கள் நடவில்லை. 2004-ல் அருமனைக்கு அருகே இந்த வீட்டை வாங்கியபோது கிணறு, இரண்டு பலாமரம், தண்ணீர் ஏற்றாத ஒரு மோட்டார் இவற்றோடு சேர்ந்து அதுவும் வந்தது. ஓர் அண்ணானும் வந்தது. எங்கள் பக்கத்தில் அணிலை அண்ணான் என்றுதான் சொல்வோம். பத்திரத்தில் கிணறும் பலாமரமும் இருந்தன. அக்கேசியாவும் அண்ணானும் இல்லை. எனவே சட்டப்படி யார் யார் வீட்டில் குடியிருந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அக்கேசியா வேலமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் முள் கிடையாது. ஆஸ்திரேலியாப் பக்கத்திலிருந்து வந்த மரம். அதன் இலை உண்மையில் இலையே இல்லை, தட்டையாகிப்போன இலைக்காம்பு என்று படித்திருக்கிறேன். காய் சுருண்டு மனிதக் காதுபோல இருக்கும். புரட்டாசி வாக்கில் பூக்கத் தொடங்கும். பூ விரல் நீளத்துக்கு மஞ்சளாக, மெத்தென்று, லேசாக வளைந்து தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மரமெங்கும் சின்னச் சின்ன அணில்கள் வாலை மட்டும் வெளியே விட்டுவிட்டு ஒளிந்திருப்பதுபோல் தோன்றும்.

அண்ணான் இந்த ஊர்க்காரன். முதுகில் மூன்று கோடு. வாலைத் தூக்கிக்கொண்டு கத்தும். கத்துவதற்குக் காரணம் தேவையில்லை. மரம் தன் இலையையும் பூவையும் எங்கள் முற்றத்தில் கொட்டும். அண்ணான் எங்கள் சாம்பக்காயைக் கடித்து, பாதியை அண்ணன் வீட்டு முற்றத்தில் போடும். குப்பை விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எனக்கு மரத்தைப் பிடிக்கும். அதன் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் நான் படிப்பது. என் மனைவிக்கு அண்ணானைப் பிடிக்கும். காலையில் ஒரு பிடி சோற்றை மதில்மேல் வைப்பாள். அது வந்து இரண்டு கையாலும் எடுத்துத் தின்னும்போது, "பிள்ளைக்கு கை எப்பிடி இருக்குன்னு பாருங்க" என்பாள். எனக்கும் இரண்டு கை உண்டு, நானும் சோறு தின்பவன்தான் என்பதை அவளுக்கு நினைவுபடுத்துவதில்லை.

இவ்வளவில் எங்கள் வீடு அமைதியாகத்தான் இருந்தது. தும்மல்தான் கெடுத்தது.

என் மனைவி எங்கள் சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவள். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு மாலை கேரல் ஆராதனை நடக்கும். அதில் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தை ஒருவர் மட்டும் தனியாகப் பாட வேண்டும். பாட்டு மெல்ல ஏறி, ஏறி, ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு ஒரே எட்டில் உச்சிக்குப் போகும். அந்த உச்சிக்காகத்தான் ஊரே வரும். 2006-ல் அது முதன்முதலாக அவளுக்குக் கிடைத்தது, நன்றாகப் பாடினாள். 2007-ல் பாட்டு ஏறியது, நின்றது, அவள் தும்மினாள்.

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் தும்மினால் பக்கத்தில் இருக்கிறவர் "நூறு" என்று சொல்வார். ஆயுசு நூறு என்று அர்த்தம். ஞாயிறுதோறும் வேதப்பாடம் படிக்கும் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அதற்குமுன் கிடைத்ததில்லை. ஒரு பெண்குழந்தை மிகுந்த அன்போடு, சபை முழுக்கக் கேட்கும்படி, "நூறு" என்றது.

2008-ல் மூன்று தும்மல். பிள்ளைகள் ஓராண்டு காத்திருந்தவர்கள். "நூறு! எரநூறு! முந்நூறு!" என்று பாயே எழுந்தது. போதகர் வேதபுத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார். புத்தகம் குலுங்கியது.

பாடகர் குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற வாத்தியார். கோபப்படத் தெரியாதவர், அதனால் அவரிடம் எல்லாருக்கும் பயம். ஆராதனை முடிந்ததும் என் மனைவியைக் கூப்பிட்டார்.

"மக்ளே, நல்ல சாரீரம். ஆனா அடுத்த வருசமும் தும்மினியான்னா, அதுக்குப் பெறகு உனக்க மைனி பாடட்டும். கேட்டியா?"

மைனி என்றால் அண்ணன் மனைவி, அதாவது மதிலுக்கு அந்தப் பக்கம். அவளும் பாடகர் குழுவில் இருந்தாள். என் மனைவிக்கு அடுத்து நிற்பவள். "எனக்கு எதுக்கு சாரே, அவளே பாடட்டு" என்று தலையைக் குனிந்து சொன்னாள். மறுநாள் காலையில் மதிலுக்கு அப்பாலிருந்து ஸ்வரம் பாடிப் பழகும் சத்தம் கேட்டது.

ஆகவே 2009 முழுவதும் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். தும்மலுக்குக் காரணம் அண்ணானா, அக்கேசியாவா?

அக்கேசியா என்றாள் என் மனைவி. பூக்கும் காலத்தில்தான் தும்மல் வருகிறது, பூவில் மஞ்சள் பொடி இருக்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும் என்பது அவள் வாதம். நான் அண்ணான் என்றேன். ரோமம் உள்ள பிராணி, வீட்டுக்குள் நினைத்த நேரத்தில் வருகிறது, அலமாரிமேல் ஓடுகிறது. நியாயமாகப் பார்த்தால் இரண்டு பேருமே தத்தமக்குப் பிடித்ததைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம்.

இதில் அண்ணன் வீடு வந்து சேர்ந்தது. அண்ணன் வளைகுடாவில் பல வருடம் வேலைபார்த்து, 2008-ல் நிரந்தரமாக ஊர் திரும்பியவர். எல்லாரும் தங்கம், சென்ட், டிவி என்று கொண்டுவருவார்கள். அவர் டிவியோடு ஒரு மரம் அறுக்கும் மெஷினும் கொண்டுவந்தார். மரமே இல்லாத ஊரிலிருந்து மரம் அறுக்கும் மெஷின் எப்படி வந்தது என்று நான் கேட்டதற்கு, "சும்மா வெல குறச்சு கெடச்சுது மாப்ளே" என்றார். வந்து ஒரு வருடமாகியும் அதை ஓட்ட அவருக்கு ஒரு மரம் வாய்க்கவில்லை. ரப்பர் மரத்தை முறிக்க, அதாவது வெட்ட, வருகிறவர்கள் சொந்த மெஷினோடு வந்தார்கள். எனவே எங்கள் வீட்டில் ஒரு தும்மல் கேட்டால் போதும், மதிலுக்கு மேல் அவர் தலை தெரியும்.

"ஏட்டி, தும்மினியா?"

"ஆமாண்ணே."

"மாப்ளே, முறிக்கட்டா?"

"வேண்டாம் அத்தான்."

தலை மறையும். உடனே உள்ளேயிருந்து மைனியின் குரல் வரும். "உங்களுக்கு வேற சோலி இல்லியா? எவ்வளவு நல்ல மரம்! எவ்வளவு நெழலு!"

மதில் தாண்டி விழும் அந்த மரத்து இலையைக் கூட்டிக் கூட்டி முதுகு ஒடிந்தது என்று ஐந்து வருடம் புலம்பிய மைனி 2009-ல் அதன் நிழலைக் கண்டுபிடித்தாள். புரட்டாசியில் பூத்ததும் ஒரு கொத்தைப் பறித்துக் கொண்டையில் சொருகிக்கொண்டு வந்தாள். "இஞ்ச பாரு, நான் வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகல்லியே." அக்கேசியாப் பூவைத் தலையில் வைத்த முதல் பெண் இந்த மாவட்டத்தில் அவளாகத்தான் இருக்கும். மணமும் கிடையாது, சாயங்காலத்துக்குள் உதிர்ந்து ரவிக்கை முதுகு மஞ்சளாகிவிடும். இருந்தும் வாரக்கணக்கில் வைத்தாள். அண்ணனின் நிலைமைதான் பாவம். மரம் விழுந்தால் மெஷின் ஓடும், தங்கை பாடுவாள். ஆனால் சொந்த வீட்டில் சோறு கிடைப்பது சந்தேகம்.

ஒரு சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றேன். நான் எதிலும் ஒழுங்கு பார்க்கிறவன். வீட்டில் பல்பு மாட்டினால் மாட்டிய தேதியை அதன் கழுத்தில் எழுதுவேன். தலையணைக்குப் பஞ்சு அடைத்த மாதம்கூட உறையின் உள்பக்கம் இருக்கும். "எனக்க நெத்தியில கல்யாணத் தேதிய எழுதாம விட்டது தெய்வாதீனம்" என்பாள் மனைவி.

முதல் சோதனை பூவுக்கு. கூடத்தில் அவளை உட்கார வைத்து, ஒரு கொத்தை மூக்குக்கு நேரே பிடித்தேன். மைனி சாட்சி. அண்ணன் மெஷினோடு சாட்சி. எல்லாரும் அவள் மூக்கையே பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தியா!" என்றாள் மைனி.

"இப்ப தும்மாது" என்றாள் மனைவி. "நாலு பேரு பாத்துக்கிட்டு இருந்தா எப்பிடி தும்மல் வரும்?"

"முந்நூறு பேரு பாத்துக்கிட்டு இருக்கச்ச வந்துதே" என்றார் அண்ணன். அன்று மாலை தங்கை அவருக்குத் தேநீர் கொடுக்கவில்லை.

அடுத்தது அண்ணானின் முறை. நியாயப்படி அண்ணானையும் அதே தூரத்தில் மூக்குக்கு நேரே பிடிக்க வேண்டும். அண்ணன் ஒரு மீன்கூடையைக் கவிழ்த்து, குச்சி முட்டுக்கொடுத்து, கயிறு கட்டி, பலாக்கொட்டை வைத்து, கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். அண்ணான் வந்தது, தின்றது, போனது. திரும்ப வந்தது. மூன்றாம் தடவை கூடை விழுந்தது, அண்ணான் வெளியே இருந்தது. கூடைமேல் ஏறி நின்று அவரைப் பார்த்துக் கத்தியது. இரண்டையும் ஒப்பிடுவதில் இதுதான் பெரிய சங்கடம். மரம் கூப்பிட்ட இடத்துக்கு வராவிட்டாலும், ஓடாது.

மரத்தை விட்டு ஆளைத் தூரக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்பது அடுத்த யோசனை. ஐப்பசியில் அவளை மயிலாடியில் அவள் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அக்கேசியா இல்லாத தெரு என்று நானே போய்ப் பார்த்து உறுதி செய்திருந்தேன். ஆனால் அந்தத் தெருவில் மூன்று சிற்பக்கூடங்கள் இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. காலை முதல் மாலை வரை கல் செதுக்குகிறார்கள். இப்போது மெஷின் வைத்து வேறு அறுக்கிறார்கள். வெள்ளைத்தூள் புகைபோல எழும்பி, வாழையிலையெல்லாம் மாவு பூசியதுபோல் நிற்கும். மறுநாள் போன் வந்தது.

"வந்து கூட்டிட்டு போறியளா, இல்ல நானே பஸ் ஏறட்டா?" நடுவில் நான்கு தும்மல்.

"அங்க அக்கேசியா இல்லியே!"

"இஞ்ச பிள்ளையாரு இருக்காரு. பாதி செஞ்சு வச்சிருக்கு. தும்பிக்க இன்னும் வரல்ல. அவருக்க மூக்கும் சேத்து நானாக்கும் தும்முறேன்."

அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டோம். பிறகு ஒரு விடுமுறை நாளில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு நான்கு பேரும் போனோம். பக்கத்து ஊரான தக்கலையில்தான் என் அலுவலகம். அந்த வழியாகத் தினமும் போய்வந்தாலும் நான் அரண்மனைக்குள் போய்ப் பல வருடமாகியிருந்தது. எல்லாம் மரம். கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரை, சாய்ந்த மர அழி வழியே வரும் காற்று. அங்கே அவள் ஒரு தடவைகூடத் தும்மவில்லை. நாற்பது, ஐம்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் தூசி கிளப்பி ஓடியும் தும்மவில்லை. மேல்மாடத்தில் யாருமில்லாத நேரம் பார்த்து அண்ணன், "ஏட்டி, அந்த எடத்த ஒண்ணு பாடிப் பாரு" என்றார். பாடினாள். ஏறியது, நின்றது, உச்சிக்குப் போனது. மர உத்தரமெல்லாம் ரீங்கரித்தது. மைனி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது பாட்டின் மயக்கம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

காவலர் ஓடிவந்தார். "பாடப்பிடாது! இஞ்ச பாடப்பிடாது!"

"தும்மலாமா?" என்று அண்ணன் கேட்டார். எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் இதே ஆராய்ச்சி. அரண்மனையில் இல்லாமல் வீட்டில் இருப்பது எது? "மாப்ளதான்" என்றார் அண்ணன். "ஆனா நானும் அரண்மனைக்கு வந்தேனே" என்றேன். இதை நான் உண்மையாகவே சிந்தித்துச் சொன்னேன் என்பதில் மூன்று பேருக்கும் சிரிப்பு.

விடை டிசம்பரில் வந்தது.

டிசம்பர் முதல் தேதி எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நட்சத்திரம் தொங்கும். அன்று காலையில் எல்லா வீட்டிலும் கிறிஸ்மஸ் பெட்டியை இறக்குவார்கள். கிறிஸ்மஸ் பெட்டி என்பது எங்கள் ஊரின் கண்டுபிடிப்பு. கிறிஸ்மஸுக்கு உரியது எதுவோ அதெல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும்: நட்சத்திரம், வண்ண விளக்குச் சரம், குடில் கட்டும் காய்ந்த புல், பனிக்குப் பஞ்சு, ஒரு கால் உடைந்த ஒட்டகம், அதற்கும் மேலே கேரல் ஆராதனைக்குப் பாடகர் குழுப் பெண்கள் கட்டும் ஊதாக்கரை வெள்ளைச் சேலை. வருடத்துக்கு ஒருநாள் கட்டுகிற சேலை என்பதால் அது துணி வகையில் சேராது, கிறிஸ்மஸ் வகையில் சேரும். எங்கள் பெட்டி, 2007-ல் விடுமுறைக்கு வந்தபோது அண்ணன் கொண்டுவந்த ஒரு டிவியின் அட்டைப்பெட்டி. உள்ளறையில் அலமாரிமேல் இருந்தது. அந்த அறையில்தான், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, என் மனைவி பாடிப் பழகுவாள்.

ஸ்டூல் போட்டு ஏறிப் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். அண்ணான் என் முகத்தில் சாடியது. அங்கிருந்து என் தலை, அங்கிருந்து திரைச்சீலை, அங்கிருந்து ஜன்னல். நான் ஸ்டூலிலிருந்து இறங்கிய விதத்தை விவரிக்க வேண்டியதில்லை.

மனைவி ஏறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "மூணு கொச்சு" என்றாள்.

மூன்று குட்டிகள். கண் திறக்காதவை. ரோஜா நிறத்தில், விரலளவு. கீழே குடில் புல், பனிப் பஞ்சு, தேங்காய் நார். இவற்றையெல்லாம் இணைத்துக் கூடாக்குவதற்குச் சேலையின் ஊதாக்கரையிலிருந்து கடித்து உருவிய நூல். கூடு முழுக்க மெத்தையாக, காய்ந்தும் காயாமலும், கொத்துக்கொத்தாக அக்கேசியாப் பூ. ஒட்டகம் அந்த மஞ்சள் மெத்தையில் கழுத்தளவு புதைந்திருந்தது. முந்தின வருடங்களின் கூட்டு மிச்சமும் அடியில் இருந்தது. அந்தத் தூளெல்லாம் அடைந்த சேலையைத்தான் இவள் ஒவ்வொரு டிசம்பரிலும் உதறிக் கட்டிக்கொண்டு போய் உச்சிக்கு ஏறியிருக்கிறாள். குடில் புல்லின் தூசி என்று நாங்கள் நினைத்தோம்.

"பாத்தியா, உனக்க பிள்ளைதான்" என்றேன்.

"பூவு ஆருக்கது? மரத்துக்கதுதான?"

"மரம் அலமாரிக்கு மேல ஏறல்லியே."

"மரம் பூக்காம இருந்தா பிள்ள கொண்டுவருமா?"

இந்த வழக்கில் முதல் குற்றவாளி யார், உடந்தை யார் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அடுத்த சிக்கல் எங்களுக்குப் புரியவில்லை. மைனிக்குத்தான் முதலில் புரிந்தது. மதில்மேல் எட்டி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப சேல?" என்றாள்.

சேலை குட்டிகளுக்குக் கீழே இருந்தது. கரைநூல் கூட்டோடு பின்னிக் கிடந்தது. சேலையை இழுத்தால் கூடு கலையும். பாடகர் குழுவுக்கு எல்லாச் சேலையும் ஒரே கட்டாக வாங்கியவை, ஆளுக்கு ஒன்று. சேலை இல்லாமல் பாடலாமா என்று வாத்தியாரிடம் கேட்டதற்கு, "யூனிஃபார்ம் இல்லாம மேல ஏறப்பிடாது மக்ளே. அப்பிடின்னா அடுத்த வருசம் ஒருத்தி நைட்டியில வருவா" என்று அன்பாகச் சொல்லிவிட்டார்.

மைனியின் ஜீவகாருண்யம் அன்று தொடங்கியது. சாம்பக்காயைக் கடித்ததற்காக அண்ணானைத் துடைப்பத்தோடு ரப்பர் தோட்டம்வரை விரட்டியவள் அவள். இப்போது தினமும் வந்து எட்டிப் பார்த்தாள். "பாவம் கொச்சுங்க. கூட்ட எளக்காதட்டி. பெத்த தள்ளைக்கு மனசு என்ன பாடுபடும்? ஒரு சேல போனா போகட்டும்." ஒருநாள் குட்டிகளுக்கென்று பால்கூடக் கொண்டுவந்தாள்.

மனைவி உள்ளறைப் பக்கமே போகவில்லை. குட்டிகள் பயந்துவிடுமாம். பாட்டைப் பழக வெளியே வந்து, வேறு இடமில்லாமல், அக்கேசியாவின் அடியில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். பூ தலையில் கொட்டியது. ஒரு தும்மல் வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததையே அவள் குறையாகச் சொன்னாள்: "வாய மூடிட்டு இருக்கதப் பாரு. பெரிய ஜெயிச்ச கணக்கு."

ஆராதனைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. குட்டிகளுக்கு ரோமம் வந்துவிட்டது, கண்ணும் திறந்துவிட்டது, ஆனால் வீட்டைக் காலி செய்யும் உத்தேசம் தெரியவில்லை. மனைவி மதிலருகே போய் நின்று, "மைனி, நீங்களே பாடுங்க. நான் இந்த வருசம் பாடல்ல" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புச் சாமானை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மைனியின் குரல்: "எங்க போறிய? அத எடுத்துட்டு எங்க போறிய?"

"எனக்க தங்கச்சியாக்கும்" என்றார் அண்ணன்.

முன்வாசல் வழியாக அவர் மெஷினோடு வந்தார். தலையில் ஹெல்மெட், கண்ணில் வெயில் கண்ணாடி. நேராக உள்ளறைக்குப் போனார்.

"அத்தான், என்ன செய்யப் போறிய?"

"பெட்டிக்க அடிவசத்த மட்டும் அறுத்து, சேலைய கீழ கூடி உருவலாம். மேல கொச்சுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"அட்டைப்பெட்டிய அறுக்க கத்திரி போதுமே!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றரை வருடக் காத்திருப்பு இருந்தது. நான் வழிவிட்டேன்.

கயிற்றை இழுத்தார். ஹ்ர்ர் என்றது, நின்றது. மறுபடி இழுத்தார். ஹ்ர்ர்... ஹ்ர்ர்... நின்றது. "குளுருல இருந்து எறங்கி வரணும்" என்று டிசம்பர் அருமனையில் வேர்த்துக்கொண்டே சொன்னார். இழுத்து இழுத்துக் கை ஓய்ந்த நேரத்தில் அது பிடித்துக்கொண்டது. நாலு சுவருக்குள் அந்தச் சத்தம்! டியூப்லைட் நடுங்கியது. மனைவி கரண்டியோடு ஓடிவந்தாள்.

தாய் அண்ணான் பெட்டிக்குள்ளிருந்து எழுந்தது. எங்கள் நாலு பேரையும் பார்த்தது. மைனியும் வந்திருந்தாள். பிறகு, எவ்வித அவசரமும் காட்டாமல், ஒரு குட்டியைக் கழுத்தோடு கவ்வி, ஜன்னல் கம்பி வழியே இறங்கி, மதில்மேல் ஓடி, அக்கேசியாவில் ஏறி, கிளை பிரியும் இடத்தில் இருந்த ஒரு பொந்தில் வைத்தது. திரும்பி வந்தது. இரண்டாவது. திரும்பி வந்தது. மூன்றாவது. அதுவரை அண்ணன் ஓடும் மெஷினைத் தூக்கிப் பிடித்தபடி, மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

எல்லாம் முடிந்து மெஷினை அணைத்தார். பெட்டி இருந்தது இருந்தபடி இருந்தது. யாரும் எதையும் அறுக்கவில்லை.

"இப்ப இத முறிக்காண்டாமா?" என்றார் மெல்ல.

"வேண்டாம் அத்தான்."

அவரே பெட்டிக்குள் தலையை விட்டு, கூட்டைப் பிரித்து, சேலையை வெளியே எடுத்தார். தலையை எடுத்தபோது மீசை மஞ்சளாக இருந்தது. சேலையை இரண்டு தடவை துவைத்து, வெயிலில் போட்டு, இஸ்திரி போட்டோம். கரையோரம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்டை. மைனி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ ஒரு முடிவுக்கு வந்தவள்போல், "கொசுவத்துக்கு உள்ள போயிரும், குடு" என்று தானே மடிப்பு வைத்து ஊக்கு குத்திப் பார்த்தாள். குத்திவிட்டு, "தும்மினியானா ஊக்கு குத்தும், பாத்துக்கோ" என்றாள்.

மறுநாள் மாலை எங்கள் சபைக் கோவில் நிரம்பி வழிந்தது. பாயில் பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள். போதகரின் பிரசங்கத்துக்கு அவர்கள் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கடைசிச் சரணம் வந்தது. என் மனைவி ஓர் அடி முன்னால் வந்தாள். பாட்டு ஏறியது. ஏறியது. நின்றது.

அந்த மௌனத்தில், ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஹ்..."

நான் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது.

"ஹ்ஹ்..." நின்றது. "ஹ்ஹ்ஹ்..." நின்றது. நேற்றைய மெஷினேதான். வாத்தியாரின் கை ஆகாயத்தில் நின்றது. பிள்ளைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். சபையே அண்ணனுக்காக மூச்சைப் பிடித்திருந்தது. என் மனைவி கண்ணை மூடினாள். இனி காத்திருக்க முடியாது என்று முடிவு செய்து, ஒரே எட்டில் உச்சிக்குப் போனாள். அங்கே நின்றாள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அதற்கும் மேலாக நின்றாள். இறங்கி, கடைசிச் சொல்லை வைத்து முடித்தாள்.

அந்த நொடியில் மெஷின் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு தும்மலைக் கோவில் அதற்குமுன் கேட்டிருக்காது.

"நூறு!" என்றது பாய் முழுவதும். வயதானவர்களும் சொன்னார்கள். போதகர் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்தபோது அவர் முகத்துக்கு நேரே வேதபுத்தகம் இருந்தது.

வெளியே வரும்போது வாத்தியார் என் மனைவியின் தலையில் கை வைத்தார். "பாட்டு உனக்கதுதான் மக்ளே. அடுத்த வருசம் அவன மட்டும் வெளிய இருத்தணும்." மைனி பக்கத்தில்தான் நின்றாள். "அத நான் பாத்துக்கிடுதேன் சாரே" என்றாள். வீடு வரும்வரை அண்ணனிடம் பேசவில்லை. ஆனால் ஆட்டோவில் என் மனைவியின் ஊக்கைக் கழற்றிவிட்டது அவள்தான்.

அந்த வருடத்திலிருந்து எங்கள் வீட்டில் சேலை அலமாரிக்குள் இருக்கிறது. கிறிஸ்மஸ் பெட்டி தகரப்பெட்டியாக மாறிவிட்டது. அதன்மேல் மாற்றிய தேதியை எழுதி வைத்திருக்கிறேன். அண்ணானா, அக்கேசியாவா என்ற கேள்வி தீர்ந்தது என்றே நானும் நம்பினேன்.

2010 ஜனவரியில் ஒரு காலை, நான் நாற்காலியில் படித்துக்கொண்டிருந்தேன். மரத்தில் கடைசிப் பூக்கள். பொந்துக்கு வெளியே தாயும் குட்டிகளுமாக வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தன. எது வால், எது பூ என்று கண்ணாடி போட்டும் எனக்குப் பிரிக்க முடியவில்லை. மனைவி சோற்றுப் பிடியோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். மேலிருந்து மஞ்சளாக, மெல்லியதாக ஏதோ ஒன்று மிதந்து வந்து அவள் மூக்கில் இறங்கியது.

தும்மினாள்.

"நூறு" என்றது மதிலுக்கு அப்பாலிருந்து மைனியின் குரல். அதில் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது.

அடுத்து மதிலுக்கு மேலே ஹெல்மெட் தெரிந்தது.

"கேட்டேன் மாப்ளே. முறிக்கட்டா?"